ஏழாம் எண் கோட்

டிசம்பர் 4, 2022

பனி இறங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து ஏழாம் எண்ணை வெளியே எடுத்தேன்.

என்னிடம் பதினான்கு கோட்டுகள் உள்ளன. எல்லாம் விமானப்படைக்காரர்கள் ஆகாயத்துக் குளிருக்கு அணிந்தவை. காந்தலில் யாரைக் கேட்டாலும் ‘ஜெர்கின் கிழவன் வீடு’ என்று கை காட்டுவார்கள். ஜெர்கின் என்பது பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கம்பியில் தொங்குவது. ஏழாம் எண் பிரிட்டிஷ் காலத்து ஆட்டுத்தோல். வெளியே தோல், உள்ளே கம்பளி ரோமம், காது வரை ஏறும் காலர். இந்த வித்தியாசத்தை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி நிறுத்திவிட்டேன்.

வேலையில் இருந்தபோது விடியற்காலை மைசூர் வண்டிக்கு இதைத்தான் போட்டுக்கொள்வேன். டிரைவர் சீட்டின் கதவிடுக்கில் வரும் காற்று எலும்பைத் தேடும். காக்கிக்கு மேல் வேறு உடுப்பு அணிந்ததாக டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். ‘குளிர் காக்கியைப் பார்த்து விலகுவதில்லை’ என்று பதில் எழுதினேன். அதற்கு இன்னொரு மெமோ. இரண்டும் இப்போதும் என்னிடம் இருக்கின்றன.

யாரும் எனக்கு இந்தக் கலையைச் சொல்லித்தரவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு பழைய புத்தகங்களைப் படித்தேன். என் விதி ஒன்றுதான்: தயாரித்தபோது கோட்டில் இல்லாத எதுவும் கோட்டில் இருக்கக் கூடாது. பின்னால் எவனோ வைத்த பட்டன், ஒட்டு, கொக்கி எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுவேன். எடுத்ததை எறிவதில்லை. காகித உறையில் போட்டு, எண் எழுதி, பிஸ்கட் டின்னில் வைப்பேன்.

இடது மார்பில் குத்தல் இந்தக் குளிருக்கும் வந்துவிட்டது. போன வருடம் டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அவருக்கு என்ன தெரியும்.

டிசம்பர் 9

மார்க்கெட்டில் கேரட் வாங்கும்போது ஒரு கிழவி என் கையைப் பிடித்தாள். எண்பது வயதிருக்கும். கண்ணாடி, கம்பளித் தொப்பி, கையில் குடை.

“இந்தக் கோட் உங்களுக்கு எங்க கிடைச்சுது?”

“கையை எடுங்கம்மா.”

“என் வீட்டுக்காரர் கோட் இது. காலர்ல பாருங்க, சிகரெட் சுட்ட தழும்பு. நான்தான் திட்டினேன் அதுக்கு.”

தழும்பு இருக்கிறது. ஊரில் உள்ள கண் தெரிந்த யாரும் அதைப் பார்க்கலாம். அதைத்தான் சொன்னேன். கேரட்காரி சிரித்தாள். ஏழாம் எண்ணை 1988-இல் லவ்டேல் பக்கம் ஒரு பங்களா ஏலத்தில் எடுத்தேன். ரசீது இருக்கிறது. நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 10

வீட்டுக்கே வந்துவிட்டாள். பெயர் எஸ்தர் நவமணி. வேலூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன மாதம்தான் ஃபிங்கர்போஸ்டில் தம்பி மகள் வீட்டு மாடிக்குக் குடி வந்தாளாம். புருஷன் விமானப்படையில் இருந்தாராம். அறுபத்திரண்டில் வடக்கே மலைக்கு அரிசி, மருந்து மூட்டைகளை மேலிருந்து போட்டுவிட்டு வருகிற விமானம் ஓட்டினாராம். அவர் செத்த மறுவருஷம், இவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில், கொழுந்தன் லவ்டேல் பங்களாவைச் சாமானோடு விற்றுவிட்டானாம்.

“அது உங்க குடும்ப விவகாரம்” என்றேன். உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். உள்ளே இடது பக்கம் ஒரு பை இருக்கும். மஞ்சள் பிளானல். நான் தச்சது. அது இருக்கா?”

“இந்த மாதிரிக் கோட்டில் பையே கிடையாது. தயாரிப்பே அப்படித்தான். புத்தகத்தில் இருக்கிறது, காட்டவா?”

“புத்தகம் வேணாம். கோட்டைக் காட்டுங்க.”

விரித்துக் காட்டினேன். ரோமத்துக்குள் கையை விட்டுத் தடவினாள். பை இல்லை. கையை எடுக்கவே நேரமாயிற்று.

“இல்ல” என்றாள்.

“இல்லைதானே. அப்படியென்றால் இது உங்கள் கோட் இல்லை.”

குடையை ஊன்றிக்கொண்டு படி இறங்கினாள். கோட்டைப் பறிக்க வந்தவள், கோட்டைத் தா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையைப் பற்றியே பேசினாள். பழுத்த தந்திரம்.

டிசம்பர் 11

நான் பொய் சொல்லவில்லை. பை இல்லை என்றேன். கோட்டில் இல்லை.

டிசம்பர் 15

நைலான் கோட்டுகளை நிழலில் உலர்த்தினேன். ஐந்தாம் எண்ணின் ஜிப்புக்கு மெழுகு. பெட்டிகளில் அந்துருண்டை மாற்றினேன். ஆட்டுத்தோல்களைப் பலகையில் விரித்து மறுபக்கம் திருப்பினேன். தோல் கோட்டை ஒருபோதும் தொங்கவிடக் கூடாது. தன் எடையாலேயே தோள்பட்டை இழுபட்டுப்போகும்.

திருப்பூரிலிருந்து மகள் கோமதி பேசினாள்.

“அந்த ரூம்ல அம்மா பீரோ இருந்துச்சுப்பா. அதைத் தூக்கிக் குடுத்துட்டுதான் இந்தக் கோட்டுங்களுக்குப் பலகை போட்டீங்க. அம்மாது ஒரு சேலை இருக்கா இப்ப அங்க?”

“சிக்னல் சரியில்லை” என்றேன்.

“சிக்னல் நல்லாத்தான் இருக்கு.”

வைத்துவிட்டேன்.

டிசம்பர் 19

கடும் உறைபனி. குதிரைப் பந்தய மைதானம் முழுக்க உப்புக் கொட்டியதுபோல் கிடந்தது. ஏழாம் எண்ணைப் போட்டுக்கொண்டு இபுராகிம் பாய் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன்.

“என்ன டிரைவரண்ணே, நெஞ்சுல குதிரை லாடம் அடிச்சிருக்கீங்க?”

“என்ன உளறல்?”

“கண்ணாடியில பாருங்க. பந்தயத்துல நீங்களும் ஓடறீங்களோன்னு கேட்டேன்.”

கண்ணாடியில் பார்த்தேன். இடது மார்பில், கறுத்த தோலின்மேல், புள்ளி புள்ளியாக வெள்ளை. கீழே வளைந்து இரண்டு பக்கமும் மேலேறி, அச்சாக லாடம்தான். கடையில் இருந்த நான்கு பேரும் பார்த்தார்கள்.

பூஞ்சை இல்லை. மெழுகு. தோலில் ஊசி குத்திய துளை மூடவே மூடாது. துணி நாளடைவில் சேர்ந்துகொள்ளும், தோல் மன்னிக்காது. தையலைப் பிரித்த இடத்தில் தேன்மெழுகையும் கறுப்பு மையையும் குழைத்துத் துளைகளை நான் அடைத்திருந்தேன். முப்பத்துநான்கு வருடம் தெரியாமல்தான் இருந்தது. குளிர் அதிகமானால் மெழுகு வெளுக்கும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு வெளுக்கும் என்பது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஷூ பாலிஷ் போட்டு மறைத்தேன்.

டிசம்பர் 20

பாலிஷ் நிற்கவில்லை. காலை ஆறரைக்கெல்லாம் லாடம் திரும்பத் தெரிந்தது. வேறு கோட் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். நான் எவருக்கும் பயந்து உடுப்பு மாற்றுகிறவன் இல்லை.

பாய் கடையில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். இவன்தான் சொல்லி அனுப்பியிருக்கிறான். கேட்டால், “அம்மா மாத்திரை வாங்க வந்தாங்க, நான் டீ குடுத்தேன்” என்கிறான். பாய் கடையில் மாத்திரை எப்போதிலிருந்து விற்கிறது?

அவள் எழுந்து என் எதிரே வந்து நின்றாள். வெள்ளைப் புள்ளிகளின்மேல் ஒரு விரலை வைத்து, கீழே கொண்டுபோய், வளைத்து, மேலே ஏற்றினாள். நான் விலகவில்லை.

“இது என் தையல்.”

“ஊரில் ஆயிரம் தையல் இருக்கும்.”

“இதுல மூலையில ஊசி முறிஞ்சுது. வலது மூலை, கீழ. தோல் ஊசி கிடைக்காம கோணி தைக்கிற ஊசியில தச்சேன். முனை உள்ளேயே நின்னுபோச்சு. எடுக்கச் சொன்னா அவர், ‘இருக்கட்டும், தூக்கம் வந்தா குத்தி எழுப்பும்’னுட்டார். பிரிச்சவங்களுக்குக் குத்தலையா?”

பாய் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டான்.

“பிரிச்சவங்க யாருன்னு நான் கேக்கல. பை எங்கன்னுதான் கேக்கறேன்.”

“போலீசுக்குப் போங்கள். என்னிடம் ரசீது இருக்கிறது.”

“ரசீதை நீங்களே வெச்சுக்குங்க” என்றாள்.

தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன். இனி பாய் கடைக்குப் போவதில்லை.

டிசம்பர் 21

பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். தோலுக்குள் இரும்பு இருந்தால் துருப்பிடித்துத் தோலைத் தின்னும். அதனால் புதிதாக வரும் கோட்டில் எல்லாம் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஏழாம் எண்ணுக்கு ஓட்டியதில்லை. அப்போது காந்தம் இல்லை.

இடது மார்பு. லாடத்தின் வலது கீழ் மூலை. பிடித்துக்கொண்டது.

நெல் நீளம்கூட இல்லை. ரோமத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. இ.சி.ஜி.யில் எப்படித் தெரியும்.

இடுக்கியால் பிடித்தேன். இழுத்தால் சுற்றியுள்ள தோல் கிழியும். விட்டுவிட்டேன்.

டிசம்பர் 22

மழைச் சாரல். ரேஷன் கடை மூடியிருந்தது.

டிசம்பர் 23

பிஸ்கட் டின்னை இறக்கினேன். உறை 7/1. என் கையெழுத்து: ‘உள்பை, மஞ்சள் பிளானல், பின்னால் சேர்த்தது. நீக்கிய நாள் 17.4.1988.’

உள்ளே பை மடித்தபடியே இருக்கிறது. பூச்சி தொடவில்லை. உள்ளங்கை அகலம்தான். மஞ்சள் நிறம், அதில் சின்னச் சின்ன வாத்துகள். ஒரு விமானி இதில் என்ன வைக்க முடியும்? சிகரெட் பெட்டிகூட நுழையாது. மேல் விளிம்பு கோட்டுக்காக மடித்துத் தைத்தது இல்லை. முன்பே வேறு எதற்கோ சுருக்குவைத்து லேஸ் தைத்திருந்த விளிம்பு. 1988-இலும் இதைப் பார்த்திருப்பேன். யோசிக்கவில்லை.

7/1-ஐத் தேடும்போது 3/2 கையில் தட்டுப்பட்டது. ‘தொங்கவிடும் காது, கறுப்பு நாடா. செ. தைத்தது. நீக்கிய நாள் 2.11.1999.’

கோட்டுகளைத் தரையில் விரித்துவைத்தால் நடக்க இடமில்லை என்று, மனைவி செண்பகம் என்னைக் கேட்காமல் மூன்றாம் எண்ணின் கழுத்தில் ஒரு நாடாவைத் தைத்து ஆணியில் மாட்டிவிட்டாள். அன்றே பிரித்தேன். மூன்று நாள் பேச்சில்லை. யார் யாரோடு என்பதை எழுதத் தேவையில்லை. அவள் போய்ச் சேர்ந்து பதின்மூன்று வருடம் ஆகிறது.

நாடாவைப் பார்த்தேன். உறையில் திரும்பப் போட்டேன்.

டிசம்பர் 26

ஒரு விஷயத்தைப் புத்தகத்தில் சரிபார்த்தேன். கோட் பணியில் இருந்த காலத்தில், அணிந்தவருக்காகச் செய்த மாற்றம் கோட்டின் வரலாற்றைச் சேர்ந்தது. அதை நீக்கக் கூடாது. இது 1988-இல் என்னிடம் இருந்த புத்தகத்தில் இல்லை. பின்னால் வாங்கியதில் இருக்கிறது. பக்கம் 112. அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். மையைப் பார்த்தால் பத்து வருடத்துக்கு முந்தையது.

டிசம்பர் 27

மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டதால் துளைகள் வழியே காற்று நுழைகிறது. அதை அடைக்க வேண்டும். அடைக்கத் தையல்தான் நல்லது. வேறு காரணம் எதுவும் இல்லை.

சீப்பால் ரோமத்தை விலக்கி, மஞ்சள் துணியை அதன் பழைய இடத்தில் வைத்தேன். கெட்டியான வெள்ளை நூல், மெழுகு தடவியது. புதிதாக ஒரு துளைகூடப் போடக் கூடாது என்று பழைய துளைகளிலேயே ஊசியை விட்டேன். நாற்பத்தாறு துளைகள். அவள் தையல் ஒழுங்காக இல்லை. இடது பக்கம் நெருக்கம், வளைவில் கோணல், வலது பக்கம் ஏறும்போது ஒவ்வொன்றும் அகலம். அவசரத்தில் தைத்தது, அல்லது கண் தெரியாமல் தைத்தது. அந்தக் கோணலில் என் கையும் போக வேண்டியிருந்தது. ஊசி முனை நிற்கும் துளையை மட்டும் விட்டுவிட்டேன்.

காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து மூன்றரைக்கு எழுந்தேன். விரலில் இரண்டு இடத்தில் இரத்தம். துணியில் படவில்லை.

டிசம்பர் 30

கோட்டைப் போட்டுக்கொண்டு ஃபிங்கர்போஸ்ட் போனேன். மாடிப்படி செங்குத்து. டீச்சர் வெயிலில் நாற்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினேன். பட்டாணித் தட்டு கீழே விழுந்தது. நான்தான் பொறுக்கினேன். அவள் பையைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“வாத்து” என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

“ரூத்தோட கவுன் சார் இது. எங்க பொண்ணு. அவர் வடக்க இருந்தப்போ பொறந்தா. அஞ்சு மாசம் இருந்தா. நிமோனியா. அவர் லீவுல வந்தப்போ காட்ட ஒண்ணும் இல்ல. போட்டோ எடுக்கல நாங்க. ஆறு மாசம் முடியட்டும், ஸ்டூடியோக்குத் தூக்கிட்டுப் போலாம்னு இருந்தோம். இந்தக் கவுன்தான் இருந்துது. திரும்பிப் போறதுக்கு முந்தின நாள் வெட்டித் தச்சுக் குடுத்தேன். ஒண்ணும் வெக்க மாட்டார் அதுல. மேல குளிருக்குக் கை வெறைச்சா உள்ள விட்டுக்குவேன்னு சொல்வார்.”

கீழே ஏதோ குக்கர் விசிலடித்தது.

“அதுக்கப்புறம் ஏன் குழந்தை இல்லைன்னு எல்லாரும் கேட்டாங்க. பொண்ணு ஒருத்தி இருந்தாள்னு சொல்றதுக்கு என் கையில ஒண்ணுமில்ல” என்றாள். பிறகு, டீச்சர் குரலில், “கத்தரி உள்ளே இருக்கு. எடுத்துட்டு வரேன். பையைப் பிரிச்சுக் குடுத்துடுங்க. கோட் உங்களோடதே. எனக்கு எதுக்கு இந்த மூட்டை.”

“பிரிக்க மாட்டேன்.”

“என்னது?”

“பிரிக்க மாட்டேன். வேண்டுமானால் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.”

“ஆட்டு நாத்தம் அடிக்குது சார். வெக்க இடமே இல்ல இங்க. எனக்குத் துணி போதும்.”

“துணி தனியாக வராது.”

“என்ன பிடிவாதம் இது. நானே பிரிச்சுக்கறேன், நகருங்க.”

“ஒரு தரம் பிரித்துக் கெடுத்தாயிற்று. அதை நான் செய்தேன். இன்னொரு தரம் யார் பிரித்தாலும் அந்தத் தோல் தாங்காது. நானும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன்.”

இதைச் சொல்வதாக இருக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் கத்தரி எடுக்கப் போகவில்லை. பட்டாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கோட்டை நாற்காலிக் கையில் போட்டேன். மடித்து வைக்கக் கூடாது, தொங்கவிடக் கூடாது, பலகையில் விரித்து வையுங்கள் என்று சொன்னேன். “சரி சரி” என்றாள், பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வதுபோல்.

ஃபிங்கர்போஸ்டிலிருந்து காந்தலுக்கு அரைக்கைச் சட்டையோடு நடந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. வழியில் பாய் கூப்பிட்டான்: “அண்ணே, லாடம் எங்கே? குதிரை கழண்டுக்கிச்சா?”

எனக்குக் குளிரவில்லை.

ஜனவரி 2, 2023

காய்ச்சல். கஞ்சி.

பாய் ஒரு தூக்கில் தேநீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே கூப்பிடவில்லை. தூக்கைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 6

ஃபிங்கர்போஸ்ட் பக்கம் போக வேண்டிய வேலை இருந்தது. மாடிச் சுவரில் ஏழாம் எண்ணை உச்சி வெயிலில் போட்டிருக்கிறாள். ஈரத்துணி மாதிரி. கீழேயிருந்து கத்தினேன்.

“டீச்சர், வெயிலில் தோல் வெடித்துப்போகும். எத்தனை தரம் சொல்வது?”

எட்டிப் பார்த்தாள். “என் சொத்து சார். நான் எங்க வேணா போடுவேன்.”

“ரசீது என்னிடம்தான் இருக்கிறது.”

“கொண்டு வாங்க, பட்டாணி மடிச்சு வெக்கக் காகிதம் இல்ல.”

ஆனால் கோட்டை எடுத்து நிழலில் போட்டாள். அவள் போடும்போது பார்த்தேன். அவள் கை ஒன்று பைக்குள்ளேயே இருந்தது.

ஜனவரி 9

இந்தக் குளிர்காலத்தின் மிகக் கடுமையான பனி. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. வெந்நீர் ஊற்றித் திறந்தேன்.

பலகையில் ஏழின் இடம் காலியாக இருக்கிறது. மற்றவற்றைத் தள்ளி வைக்கவில்லை. கோமதி பேசினாள். பொங்கலுக்கு வருகிறாளாம். “ரூம்ல படுக்க இடம் இருக்குமா?” என்றாள். ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இருக்கிறது என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இன்று மூன்றாம் எண்ணைப் போட்டுக்கொண்டேன். கழுத்தில் புதிதாகக் கொஞ்சம் உறுத்துகிறது. நாடாவை அதே துளைகளில்தான் தைத்தேன். என் தையலைவிடச் செண்பகத்தின் தையல் சின்னதாக இருந்திருக்கிறது, ஊசி சிரமப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டினேன். தோல் கோட்டைத் தொங்கவிடக் கூடாது. தோள்பட்டை இழுபடும்.

இழுபடட்டும்.